படைக்காத பானை

எங்கள் வீட்டில் தைப்பொங்கலுக்கு இரண்டு பானை ஏறும். ஒன்று தேயிலைத் தோட்டத்து லயத்து வாசலில், கோலத்துக்கு நடுவே மூன்று கல் கூட்டி, சூரியனைப் பார்த்து. மற்றது உள்ளே குசினி அடுப்பில். வாசல் பானை பொங்கி வழியும்போது நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். சித்தப்பா சீனவெடி கொளுத்துவார். உள்பானை பொங்கியதா இல்லையா என்று கேட்க ஆளிருக்காது. அப்பாயி மட்டும் நடுநடுவே எழுந்து போய் அகப்பையால் கிண்டிவிட்டு வருவார்.

இரண்டிலும் ஒரே பச்சரிசி, ஒரே வறுத்த பயறு, ஒரே சர்க்கரை, கஜு, பிளம்ஸ், ஏலக்காய். வாசல் பானை சூரியனுக்கும் எங்களுக்கும். உள்பானை தலவாக்கலை டவுனில் துணிக்கடை வைத்திருந்த முஸ்லிம் நானா வீட்டுக்கு.

முதலில் ஒரு பானைதான் இருந்திருக்கிறது. நான் பிறப்பதற்கு முந்திய ஒரு தைப்பொங்கலுக்கு அப்பாயி தூக்குச்சட்டி நிறையப் பொங்கல் கொண்டுபோய்க் கொடுத்தபோது நானா வாங்கி மேசையில் வைத்துக்கொண்டு வெகுநேரம் தயங்கினாராம். பிறகு, “ஆச்சி, நீங்க மனசு நோவப்படா. சாமிக்கு வெச்சது எங்களுக்கு சாப்பிட ஏலா. வெக்காதது ஈந்தா தாங்கோ, சந்தோஷமா தின்டுவோம்” என்றாராம். அப்பாயிக்குக் கோபம் வரவில்லை, யோசனைதான் வந்தது. படைக்கும் முன்னமே கொஞ்சம் எடுத்து வைத்துவிடலாமே என்று அம்மா சொல்லியிருக்கிறார். அது அப்பாயிக்கு ஒத்துவராது. சாமிக்கு முந்தி கரண்டி விட்டால் அது எச்சில். நானாவின் முறையைக் காக்கத் தன் முறையை உடைக்க அவர் தயாராக இல்லை. தன் முறைக்காக நானாவை மனம் கோணத் தின்னவைக்கவும் மனமில்லை. அடுத்த வருஷம் குசினியில் இன்னொரு பானை ஏறிவிட்டது. இதில் பெரிய தத்துவம் எதையும் அவர் பேசிக் கேட்டதில்லை. “ஒரு சுண்டு அரிசி கூடப் போகுது, அவ்வளவுதானே” என்பார்.

தூக்குச்சட்டியைச் சுமந்துகொண்டு டவுனுக்கு இறங்குவது என் வேலை. தேயிலை மலைக்குள்ளே இறங்கும் குறுக்குப் பாதை, பிறகு ரயில் பாதை, பிறகு பெரிய ரோட்டு. எதிரே கிரேட் வெஸ்டர்ன் மலை வெயிலில் நீலமாக நிற்கும். கீழே கொத்மலை ஓயா. ஆற்றோரம் நீண்டு கிடந்த அந்தப் பழைய டவுனின் ஒரு பகுதி இப்போது தண்ணீருக்குள் இருக்கிறது. 2012ல் இயங்கத் தொடங்கிய மேல் கொத்மலை நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கம் அதை மூடிவிட்டது. அங்கிருந்த கடைகளும் வீடுகளும் மேட்டுக்கு ஏறிவிட்டன. செயின்ட் கிளேயர் அருவிக்கே இப்போது அளந்துதான் தண்ணீர் விடுகிறார்கள்.

நானா கடைக்கும் எங்கள் லயத்துக்கும் இருந்தது வெறும் சிநேகம் என்று சொல்லிவிட முடியாது. அதில் கணக்கும் இருந்தது. தோட்டத்தில் சம்பளம் பத்தாந்தேதி. தீபாவளிக்கு முற்பணம் கொடுப்பார்கள், ஆனால் அதற்கு முன்னமே பிள்ளைகளுக்குத் துணி எடுத்தாக வேண்டும். நானா நீளக் கொப்பியில் எழுதிக்கொண்டு துணியைக் கிழித்துக் கொடுப்பார். மாதாமாதம் அப்பாயி கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டுவார். வேலை நிறுத்தம் நடந்த ஒரு காலத்தில் சம்பளமில்லாமல் லயமே பட்டினி கிடந்தபோது நானா கொப்பியைத் திறக்கவே இல்லை என்று அப்பா அடிக்கடி சொல்வார். கடன் கொடுத்தவனுக்குப் பொங்கல் கொடுத்தாள் என்று யாராவது சொன்னால் சொல்லிக்கொள்ளட்டும். கடன் எத்தனையோ கடையில் இருந்தது. பானை ஒரு வீட்டுக்குத்தான் ஏறியது.

இதையெல்லாம் எழுத உட்கார்ந்ததே சின்ன அத்தை கல்யாணத்தைச் சொல்லத்தான். எண்பதுகளின் நடுவில், தோட்டத்தில் நடந்த கல்யாணம். வரப்போகிறவர்கள் பட்டியலை அப்பா ஸ்கூல் கொப்பியில் எழுதினார். லயத்து ஆட்கள், சொந்தக்காரர்கள் போக, ஸ்டோரு டீமேக்கர் ஐயா, அவர் சிங்களவர், பௌத்தர், மாட்டிறைச்சி தொடமாட்டார். கிளாக்கர் ஐயா குடும்பம் கத்தோலிக்கர், எல்லாமும் சாப்பிடுவார்கள். அம்மாவின் பெரியம்மா விரதக்காரர், கவுச்சி வாசனை பட்டாலே எழுந்துபோவார். நானா குடும்பம், நானா கடையில் வேலை செய்த இரண்டு பையன்கள், டவுன் தையல்காரர். இவ்வளவு பேருக்கும் ஒரே வாசலில் ஒரே நேரத்தில் பந்தி போட வேண்டும். வெள்ளைக்காரன் கட்டிய லயத்துக் காம்பரா பத்துக்குப் பன்னிரண்டு அடி. அதில் ஒரு மூலையில்தான் அடுப்பு. இரண்டு குசினி வைத்து விருந்து வைக்கிற வசதி பங்களாவுக்குத்தான் உண்டு.

பெரியப்பா சுலபமான வழி சொன்னார். “எல்லாத்துக்கும் சைவமாப் போட்டுட்டாப் போச்சு. பருப்பு, போஞ்சி, அப்பளம், பாயாசம். ஒருத்தன் கேள்வி கேக்க முடியாது.” இன்றைக்கும் நிறையப் பேர் இப்படித்தான் யோசிக்கிறார்கள், தப்பென்று சொல்லமாட்டேன். சைவச் சாப்பாட்டை முஸ்லிம்கள் தாராளமாகச் சாப்பிடுவார்கள், மீனையும் அப்படித்தான், மீனுக்கு அறுக்கும் விதி கிடையாது. எங்கள் ஸ்கூல் பார்ட்டிகளில் கட்லட்டும் ரோல்ஸும் எப்போதும் டின்மீனில் செய்ததற்கு அதுதான் காரணம் என்று வெகுகாலம் கழித்துத்தான் எனக்கு விளங்கியது. ஆனால் அப்பாயி ஒத்துக்கொள்ளவில்லை. “நானா வீட்டுல நமக்கு இன்னைக்கு வரைக்கும் பருப்பா போட்டாக? கல்யாணம்டா கெடா வெட்டணும்” என்றார். பெரியப்பாவின் அடுத்த யோசனை, “அப்ப நானாவுக்கும் அந்தப் பையன்களுக்கும் மட்டும் தனியா ஒரு எலையப் போட்டு முட்டையும் மீனும் வச்சுருவோம்.”

அதற்கு அப்பாயி சொன்ன பதில் கொஞ்சம் உறைப்பாக இருந்தது. கங்காணி வீட்டுக் கல்யாணங்களில் யாரை எந்தப் பந்தியில் உட்காரவைத்தார்கள், யாருக்குச் சிரட்டையில் தேத்தண்ணி ஊற்றினார்கள் என்பதை அவர் கண்ணால் பார்த்திருக்கிறார். எங்கள் ஆட்களே எங்கள் ஆட்களுக்குச் செய்தது. தனி இலை என்றால் என்ன என்று அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. “தனியாப் போடுறது எனக்குத் தெரியும்டா. பட்டவ நான்” என்று சொல்லிவிட்டு முறத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

ஆக, ஒரே கறி. எல்லோரும் சாப்பிடுகிற கறி. அப்படியென்றால் அறுப்பது அவர்கள் முறையில். டவுன் பள்ளிவாசல் மோதினாரை வரச்சொல்லி நானாவிடம் அப்பா கேட்டுவிட்டு வந்தார்.

அங்கே இன்னொரு சிக்கல் முளைத்தது. கல்யாணம் கைகூடினால் முனியாண்டிக்கு ஒரு கிடா என்று அப்பாயி நேர்ந்திருந்தார். அந்தக் கிடாவும் வீட்டுப் பின்னால் கட்டியிருந்தது. அதையே கல்யாணத்துக்கு வெட்டிவிட்டால் ஒரு கிடாவின் காசு மிச்சம் என்பது பெரியப்பாவின் கணக்கு. ஏழை வீட்டுக் கணக்கு, குறை சொல்ல முடியாது. ஆனால் முனியாண்டிக்கு நேர்ந்த ஆட்டை மோதினார் அறுத்தால் முனியாண்டிக்குச் சேராது. பூசாரி வெட்டினால் நானா தொடமாட்டார். பன்றி, செத்தது, இரத்தம் ஆகியவற்றோடு அல்லாஹ்வின் பெயரல்லாத வேறு பெயரில் அறுக்கப்பட்டதையும் குர்ஆன் விலக்கியிருக்கிறது. அப்பாயி குர்ஆன் படித்தவரில்லை, ஆனால் சாமிக்கு நேர்ந்தது வேறு, விருந்துக்கு வெட்டுவது வேறு என்பது அவருக்குத் தானாகவே தெரிந்த விஷயம். கல்யாணத்துக்கு முந்திய வாரமே ஒரு ராத்திரி முனியாண்டிக்கு உரியதைக் கொடுத்து முடித்தார். மஞ்சள் தண்ணீர் தெளித்து, ஆடு உடம்பைத் துலுக்கும்வரை காத்திருந்து, துலுக்கியதும் ஒரே வெட்டு. அந்தக் கறி அன்றிரவே லயத்தில் பங்கு போட்டுத் தீர்ந்துபோனது. கல்யாணத்துக்கென்று இரண்டு கிடா வேறாக வாங்கினார்கள். அந்தச் செலவைப் பற்றிப் பெரியப்பா சாகும்வரை பேசினார்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. முந்திய நாள் போயா, பௌர்ணமி விடுமுறை. போயா தினத்தில் நாட்டில் எங்கும் ஆடுமாடு அறுக்கக் கூடாது, இறைச்சி விற்கக் கூடாது, சாராயக்கடை திறக்கக் கூடாது. அதனால் ஞாயிறு விடியற்காலையில்தான் அறுப்பு. பனி இறங்கி எதிர்லயம் தெரியவில்லை. மோதினார் கம்பளி பனியனுக்கு மேலே மப்ளர் சுற்றிக்கொண்டு, டார்ச் லைட் பிடித்து, தோட்டத்துப் படியில் ஏறி வந்தார். அப்பாயி கொடுத்த பிளேன்டீயை நின்றபடி குடித்தார். எங்களைத் தூங்கச் சொல்லியிருந்தார்கள். நாங்கள் யாரும் தூங்கவில்லை.

எங்களுக்கு ஒரு குறிக்கோள் இருந்தது: ரத்தப் பொரியல். கிடா வெட்டினால் ரத்தத்தைப் பேசினில் உப்புப் போட்டுப் பிடித்து, உறையவைத்து, வெங்காயமும் பச்சை மிளகாயும் தேங்காய்ப்பூவும் போட்டுப் பொரிப்பார்கள். விடியற்காலையில் பெரியவர்கள் வேலையில் திரியும்போது பிள்ளைகளுக்குக் கிடைக்கிற முதல் பங்கு அதுதான். சின்ன அண்ணன் பேசினைக் கழுவி எடுத்துக்கொண்டு போய்த் தயாராக நின்றான்.

மோதினார் முதல் வேலையாக இரண்டாவது கிடாவை லயத்துப் பின்னால் கொண்டுபோகச் சொன்னார். ஒன்றை அறுப்பதை மற்றது பார்க்கக் கூடாதாம். கத்தியை உறையிலிருந்து எடுத்ததையும் கிடாவின் கண்ணுக்கு மறைவாகத்தான் செய்தார். அதைத் தீட்டுவதையெல்லாம் வீட்டிலேயே முடித்துவிட்டு வந்திருந்தார். கிடாவுக்குத் தண்ணீர் காட்டினார். மேற்குப் பக்கமாகத் திருப்பிப் படுக்கவைத்து, அப்பாவைக் காலைப் பிடிக்கச் சொல்லி, “பிஸ்மில்லாஹி அல்லாஹு அக்பர்” என்று சொல்லிக் கத்தியை ஓட்டினார். மூச்சுக்குழலும் இரைக்குழலும் கழுத்து நரம்புகளும் அறுபட வேண்டும், தலை துண்டாகக் கூடாது. அது அடங்குமட்டும் தோலில் கை வைக்கவும் விடவில்லை. அண்ணன் பேசினோடு முன்னே வந்தான். மோதினார் அவனைப் பார்த்துச் சிரித்தார். “வேணாம் மகன், ரத்தம் மண்ணுக்கு” என்றார். கழுத்துக்குக் கீழே ஏற்கெனவே ஒரு சின்னக் குழி வெட்டியிருந்தார்கள். ரத்தம் அதற்குள் போயிற்று, மேலே மண்ணைத் தள்ளினார்கள். அண்ணன் பேசினைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு திரும்பி வந்தான். எங்கள் ஏமாற்றத்தைப் பார்த்து அம்மா ஆளுக்கொரு ரொட்டியும் இடிசம்பலும் கொடுத்தார். ஹலால் என்ற சொல்லுக்கு நான் அறிந்த முதல் அர்த்தம், ரத்தப் பொரியல் இல்லை என்பதுதான்.

கிடாரம் வேறு ஒரு கதை. நூறு பேருக்குச் சமைக்கிற கிடாரம் கோயிலுக்குச் சொந்தமானது ஒன்று இருந்தது. எல்லாக் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் அதுதான். அதில் எப்போதாவது காட்டுப்பன்றி வெந்திருக்குமா என்று அப்பாயி கேட்டார். கோயில் கமிட்டிக்காரர் “கோயில் சாமான்ல அதெல்லாம் யாரு செய்வா” என்றார். “செஞ்சதில்லன்னு சத்தியமாச் சொல்லுவியா?” அவர் சொல்லவில்லை. மேல் டிவிஷன் ஆட்கள் இரவல் வாங்கிக்கொண்டு போய்த் திருப்பிக் கொடுக்கிற சாமான், யார் சத்தியம் பண்ணுவார்? இலங்கை முஸ்லிம்களில் பெரும்பாலோர் ஷாஃபி மத்ஹபைப் பின்பற்றுகிறவர்கள். பன்றி பட்ட பாத்திரத்தை ஏழு தடவை கழுவ வேண்டும், அதில் ஒன்று மண் கலந்த தண்ணீரில், என்பது அந்த மத்ஹபின் சட்டம். நாங்கள் எல்லாவற்றையும் சாம்பல் போட்டுத் தேய்க்கிற ஆட்கள். சாம்பல் போதுமா, மண்தான் வேண்டுமா என்று வாதாடிக்கொண்டிராமல் அப்பாயி பள்ளிவாசல் கிடாரத்தைக் கேட்டு ஆள் அனுப்பினார். நோன்பு மாதத்தில் கஞ்சி காய்ச்சுகிற கிடாரம். அது கொழுந்து லொறியில், கொழுந்துச் சாக்குகளுக்கு நடுவே, டிரைவர் அண்ணனின் தயவில் மலையேறி வந்தது. கூடவே இரண்டு நீள அகப்பையும்.

காட்டுப்பன்றி என்றதும் நினைவுக்கு வருகிறது. கல்யாணத்துக்கு முந்திய நாள் பெரியப்பாவின் கூட்டாளிகள் எங்கிருந்தோ ஒரு காட்டுப்பன்றித் துடை கொண்டுவந்துவிட்டார்கள். போயாவுக்கு முன்னமே வாங்கிப் பதுக்கிய சாராயத்துக்குத் துணை. அதை எங்கே பொரிப்பது என்பதில்தான் அன்றைய பெரிய சண்டை. அப்பாயி தடை போடவில்லை. கல்யாண வீட்டில் ஆம்பிளைகளைக் கட்டிப்போட முடியாது என்று அவருக்குத் தெரியும். ஆனால் கடைசி லயத்தில், கடைசிக் காம்பராவில், அந்த வீட்டுச் சட்டியில், அந்த வீட்டு அகப்பையில். தின்றவன் கையைச் சவுக்காரம் போட்டுக் கழுவாமல் கல்யாணக் குசினிப் பக்கம் தலைகாட்டக் கூடாது. காவலுக்கு என்னையும் அண்ணனையும் போட்டார். வாசலில் நின்று வருகிற மாமன்மார்களின் கையை மோந்து பார்த்தோம். வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த அதிகாரங்களில் அதுபோல இன்னொன்று வாய்க்கவில்லை.

பந்தி நன்றாக நடந்தது. அவ்வளவுதான் சொல்வதற்கு இருக்கிறது. இவ்வளவு ஏற்பாட்டுக்குப் பிறகு நானாவும் டீமேக்கர் ஐயாவும் கிளாக்கர் ஐயாவும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, கம்பளையிலிருந்து கோச்சியில் வந்த வாழை இலையில், ஒரே வாளியிலிருந்து ஊற்றிய ஆட்டுக்கறியைச் சாப்பிட்டார்கள். யாரும் எதையும் கேட்கவில்லை. விரதக்காரப் பெரியம்மாவுக்குச் சைவம் பக்கத்து வீட்டு அடுப்பிலிருந்து வந்தது. நானா கடைப் பையன்கள் இரண்டாம் தடவை கறி வாங்கியதை அப்பாயி தூணோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் வழி மாறியது. கிளாக்கர் ஐயா வீட்டு அம்மா கல்யாணக் கேக் செய்து கொண்டுவந்திருந்தார். நத்தாருக்குச் செய்கிற ரிச் கேக், பழங்களை வாரக்கணக்கில் பிராந்தியில் ஊறப்போட்டது. சின்னத் துண்டுகளாக வெட்டி வெள்ளித்தாளில் சுற்றி, ரிப்பன் கட்டி, தட்டில் அடுக்கி நீட்டிக்கொண்டே வந்தவர் நானாவிடம் வந்ததும் நின்றார். “நானா, இதுல பிராந்தி போட்டிருக்கு. ஒங்க பிள்ளைகளுக்கு வேற செஞ்சிருக்கேன்” என்று சொல்லிவிட்டு, கைப்பையிலிருந்து வேறு ஒரு பொட்டலம் எடுத்தார். வெறும் பட்டர் கேக். சொல்லாமல் நீட்டியிருந்தால் நானா தெரியாமல் தின்றிருப்பார். கேக்கில் யார் பிராந்தியைத் தேடப்போகிறார்கள்? கிடாவுக்காக நாங்கள் பட்ட பாட்டையெல்லாம்விட அந்த அம்மா வாய் திறந்து சொன்ன ஒரு வரி பெரிது என்று இப்போது எனக்குப் படுகிறது. சமைத்தவளுக்கு மட்டும்தான் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியும். அவள் சொல்லாவிட்டால் விருந்தாளிக்கு நாக்கு மட்டும்தான் துணை.

நானாவும் அப்படிச் சொல்கிறவர்தான். நோன்பு மாதத்தில் பள்ளிவாசலில் அஸர் தொழுகைக்குப் பிறகு கஞ்சி கொடுப்பார்கள், யார் போனாலும் கிடைக்கும். அரிசியும் தேங்காய்ப்பாலும் ரம்பையும் இஞ்சியும் சேர்ந்த அந்த வாசனைக்காகவே டவுன் ஸ்கூல் விட்டதும் நாங்கள் தூக்குச்சட்டியோடு போவோம். சில நாள் நானா கடையிலிருந்தே கையை ஆட்டித் தடுத்துவிடுவார். “இன்டைக்கு மாட்டெறச்சி போட்டீக்கிது புள்ள. ஒங்களுக்கு வேணாம். நாளைக்கு கோழி, நாளைக்கு வாங்கோ.” நாங்கள் தெரியாமல் குடித்தால் அவருக்கு ஒரு நட்டமும் இல்லை. ஹஜ்ஜுப் பெருநாள் குர்பான் இறைச்சி எங்கள் வீட்டுக்கு ஒருநாளும் வந்ததில்லை, அது மாடு. அதற்குப் பதிலாக வட்டிலாப்பம் வரும், மேலே கஜு ஒட்டி, கித்துள் கருப்பட்டி மணத்தோடு. அப்பாயியும் நோன்பு மாதத்தில் எங்களை டவுனுக்குக் கூட்டிப்போனால் பகலில் கடைவாசலில் நின்று எதையும் தின்ன விடமாட்டார். வாங்கிய பனிஸை முந்தானையில் முடிந்துகொள்வார். மலையேறத் தொடங்கிய பிறகுதான் முடிச்சு அவிழும்.

நானாவின் மூத்த மகள் கல்யாணம் அக்குறணையில் நடந்தது. அவருடைய சொந்த ஊர் அது. மலைநாட்டு டவுன்களில் கடை வைத்திருந்த முஸ்லிம்களில் பலருக்கு வேர் அக்குறணையில்தான். நாங்கள் கோச்சியில் பேராதனைவரை போய், பஸ் பிடித்து, கண்டியில் மாறி, மாத்தளை ரோட்டில் போய் இறங்கினோம். அம்மா வழி முழுக்க ஒரே கவலை: அங்கே மாடு போட்டிருப்பார்களே, எதைத் தொடுவது, எதை விடுவது, கேட்டால் மரியாதையாக இருக்குமா. வீட்டு வாசலில் கால் வைத்ததும் நானாவின் மனைவி, அவர்கள் பேச்சில் அக்காவைச் சொல்வதுபோல நாங்கள் தாத்தா என்றுதான் கூப்பிடுவோம், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு முதல் பேச்சாகவே சொன்னார்: “இன்டைக்கு இந்த ஊட்டுக்குள்ள மாடே வரல்ல தங்கச்சி. எல்லாம் ஆடும் கோழியும்தான். பயப்படாம சாப்பிடுங்கோ.” அம்மாவின் முகம் அப்போதுதான் மலர்ந்தது.

சாப்பாடு சஹனில் வந்தது. பெரிய தட்டில் நெய்ச்சோற்றைக் குவித்து, மேலே ஆட்டுக்கறியும் கோழிப் பொரியலும் அச்சாறும் வைத்து, ஆறு பேர் சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் கை போட்டுச் சாப்பிடுகிற முறை. அவரவர் முன்னால் இருக்கும் பங்கைத்தான் தொட வேண்டும், அடுத்தவர் பக்கம் கை போகக் கூடாது. நான் பெண்பிள்ளைகளோடு உட்கார்ந்துவிட்டேன். அப்பாயி நின்றுகொண்டே இருந்தார். பிறத்தியார் கை பட்ட தட்டில் சாப்பிட அவருக்கு வராது; வயிற்றில் பிறந்த பிள்ளைகளோடுகூட ஒரே தட்டில் சாப்பிட்டதில்லை. வாய்விட்டுச் சொல்லவும் கூச்சம். தாத்தா ஒரு பார்வைதான் பார்த்தார். உள்ளே போய்ப் புதிதாகக் கழுவிய ஒரு பீங்கானும் ஒரு கதிரையும் கொண்டுவந்து ஜன்னலோரம் போட்டு, “ஆச்சிக்கு முழங்கால் நோவுதானே, கீழ இரிக்க ஏலா” என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். அப்பாயிக்கு முழங்காலில் ஒரு நோவும் கிடையாது. அன்று காலையில்தான் தேயிலை மலை இறங்கி வந்தவர். வீடு திரும்பும் வழியில் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார்.

கேட்காமலே தெரிந்துவைத்திருந்த அந்தக் காலத்தை நினைத்துப் பெருமூச்சு விட எனக்கு இஷ்டமில்லை. அப்போது ஊர் சின்னது, சமைத்தவள் முகம் தெரியும். இப்போது பிஸ்கட்டைச் சுட்டவன் யார் என்று யாருக்குத் தெரியும்? அதனால்தான் பொட்டலத்தில் ஹலால் முத்திரை வந்தது. மார்க்க அறிஞர்களின் சபையான அகில இலங்கை ஜம்இய்யத்துல் உலமா கொடுத்துவந்த அந்த முத்திரையை எதிர்த்து 2013ல் சிங்கள பௌத்தத் தீவிர அமைப்பான பொது பல சேனா தெருவுக்கு இறங்கியபோது நான் கொழும்பில் வேலை செய்துகொண்டிருந்தேன். முத்திரை ஒருவருக்கும் எதையும் ஊட்டவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்று சொன்னது, கிளாக்கர் ஐயா வீட்டு அம்மா சொன்னதைப் போல. அதைப் போய்ப் படையெடுப்பு என்றார்கள். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் இன்னும் மோசம். ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக்கடையில் சிங்களவர்களுக்கு மலட்டு மாத்திரை கலந்து கொடுக்கிறார்கள் என்று கதை கட்டிக் கடையையும் பள்ளிவாசலையும் உடைத்தார்கள். அரசாங்கப் பகுப்பாய்வுத் திணைக்களம் பரிசோதித்தபோது அது கறியில் கரையாத மாக்கட்டி என்று தெரிந்தது. அடுத்த மாதம் முஸ்லிம்களுக்கு எதிரான கலவரத்தில் கண்டிப் பக்கம் திகன எரிந்தது. அக்குறணையிலும் கடைகள் தப்பவில்லை. அந்த வாரம் முழுக்க அம்மா அக்குறணைக்குப் போன் போட்டுக்கொண்டே இருந்தார்.

நானா இப்போது இல்லை. அப்பாயியும் இல்லை. கடையை நானாவின் மகன் மேட்டு டவுனில் நடத்துகிறார். கொப்பி போய்க் கம்ப்யூட்டர் வந்துவிட்டது. போன வருஷம் அண்ணன் மகளுக்கு ஹட்டனில் ஒரு மண்டபத்தில் கல்யாணம். சாப்பாடு கேட்டரிங்காரரிடம். “எல்லாம் ஹலால்தான் மேடம், கவலப்படாதீங்க” என்று அவர் ஒரே மூச்சில் முடித்துவிட்டார். அண்ணி விடவில்லை. கோழி எங்கே வாங்குகிறீர்கள், பார் வைக்கிற மேசைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் ஒரே கரண்டியா, பன்றி செய்த தாச்சியில்தான் மற்றதும் பொரிக்கிறீர்களா என்று வரிசையாகக் கேட்டார். கடைசியில் புடிங்கில் வந்து நின்றது. ஜெலட்டின் எதிலிருந்து எடுத்தது? அவருக்குத் தெரியவில்லை. பாக்கெட்டைக் கொண்டுவரச் சொல்லிப் பார்த்தால் அதிலும் எழுதியில்லை. அண்ணி புடிங்கைப் பட்டியலிலிருந்து வெட்டிவிட்டு, நோன்பு காலத்தில் முஸ்லிம் வீடுகளில் செய்வார்களே, அந்தக் கடற்பாசியைப் போடச் சொன்னார். கேக்கையும் பிராந்தி இல்லாமலே ஒரே மாதிரியாகச் செய்யச் சொல்லிவிட்டார். இரண்டு விதப் பெட்டி வைத்தால் பரிமாறுகிற பையன்கள் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள் என்பது அவர் பயம்.

ராத்திரி மண்டபத்தைக் காலி செய்யும்போது பெரியப்பா மகன் வந்து என்னிடம் குறைப்பட்டான். “என்ன கேக்கு இது, ஒரு வாசமும் இல்ல, வெறும் மாவு மாதிரி இருக்கு.” அவன் சட்டைப் பை இரண்டும் கேக் பெட்டியால் புடைத்திருந்தன.